விறகு யாருடையது?

வண்டி கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போய், வழியில் இறங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு, இரவைக் கழித்துத் திரும்பும் வழக்கம் நம்மிடையே மீண்டும் பெருகிவருகிறது. கோயிலுக்குப் போகிறவர்களிடம் இது எந்நாளும் விட்டுப்போனதில்லை. இப்போது உல்லாசத்துக்காகப் போகிறவர்களும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அண்டை மாநிலமான கேரளம் 2021இல் வண்டியிலேயே தங்கிச் சுற்றும் பயணத்துக்கென்று தனிச் சுற்றுலாக் கொள்கையே வகுத்துவிட்டது. கூடாரம் எப்படி இருக்க வேண்டும், படுக்கை எப்படி இருக்க வேண்டும், எந்த வண்டி ஏற்றது என்றெல்லாம் நிறையப் பேசப்படுகிறது. அடுப்பில் எதை வைத்து எரிப்பது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை. அது போகிற இடத்தில் தானே கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணம்தான் கோளாறு என்பது என் கட்சி. எரிபொருளைத் தேர்வதில் வெப்பக் கணக்கு மட்டும் இல்லை. யாருடைய பொருளை எரிக்கிறோம் என்ற அறக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

வண்டியில் போய் வழியில் தங்கி அடுப்பு மூட்டியவர்களில் நம் இலக்கியம் முதலில் காட்டுவது உமணரை. கடற்கரை உப்பை ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு, எருது பூட்டிய வண்டி வரிசையாகப் பாலை வழியைக் கடந்தவர்கள் அவர்கள். அவர்கள் எவ்வளவு முன்யோசனை உள்ளவர்கள் என்பதற்கு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றே போதும். வழியில் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று இன்னொரு அச்சை வண்டியின் அடியில் கட்டிச் செல்வார்களாம். தலைவனுக்கு உவமையாகவே அந்தச் சேம அச்சைச் சொல்கிறார் அவர். இந்த உமணர் தங்கிப் போன இடத்தில் மிஞ்சுவது என்ன? கல் அடுப்பு. அவர்கள் விட்டுச்சென்ற அடுப்பில் பின்னால் வருகிற மழவர் இறைச்சி வேகவைத்து உண்பதை அகநானூறு ஒரு முறைக்கு மேல் சொல்கிறது. தங்கிப் போனவர் விட்டுச்சென்றது இன்னொருவருக்குப் பயன்படுகிறது. இன்றைக்கு நாம் தங்கிப் போன இடத்தில் விட்டுவருவது என்ன என்பதை வாசகர்களே நினைத்துப் பார்க்கலாம்.

நற்றிணையில் ஓர் இடையன் வருகிறான். மழைக் காலத்து இரவில் மந்தையோடு வெளியில் நிற்பவன். தீக்கடைகோலையும் மற்ற கருவிகளையும் தோற்பையில் சுருட்டி உடன் கொண்டுவருகிறான். தீ மூட்டும் கருவி நனையக் கூடாது என்ற கவனம் அந்தப் பையில் தெரிகிறது. புறநானூற்றில் குறிஞ்சி நில மக்கள் உலை வைப்பது சந்தன விறகில். இதை ஆடம்பரம் என்று யாரும் படிப்பதில்லை. அங்கே விளைவது அது, எரிப்பதும் அது. எரிபொருளும் கருப்பொருளே என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. ஆனால் நிலத்துக்கு ஒரு விறகு உண்டு என்பதைச் சங்கப் பாட்டு தெளிவாகவே காட்டுகிறது.

இந்த வாதத்தை நாங்குநேரிக்கு இழுத்துவந்தால் என்ன கிடைக்கும்? மேற்கே மகேந்திரகிரியும் களக்காட்டு மலையும் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஊரோ வறண்ட சமவெளி. குளத்துக்குள் தண்ணீர் இருந்தால் நெல், இல்லையென்றால் வாழையும் ஆடும். இங்கே அடுப்புக்கு வந்தவை பல. பனையில் காய்ந்த மட்டை, பன்னாடை, ஓலை. தென்னையில் கொதும்பும் சிரட்டையும். குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரத்தின் முள்ளும் கொம்பும். மாட்டுச் சாண வரட்டி. பதநீர் காய்ச்சும் விடிலிகள் தெற்கே நடந்ததெல்லாம் இவற்றின் தயவால்தான். பன்னாடை பற்றவைக்க, மட்டை கொதி ஏற்ற, கட்டை கங்கு நிறுத்த என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. சமைக்கத் தெரிந்த பெண்ணுக்கு அடுப்பின் சுவாலையைப் பார்த்தே அடுத்து எதைத் தள்ளுவதென்று தெரியும். பின்னால் வந்து எல்லாவற்றையும் மூடியது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்த மரம், விறகுப் பஞ்சம் தீர்க்கவே தமிழகத்தில் பரப்பப்பட்டது. விறகுப் பஞ்சம் தீர்ந்தது உண்மை. குளமும் ஓடையும் தரிசும் அதன் கையில் போனதும் உண்மை.

இனி மலைப் பக்கம் போவோம். நாங்குநேரி வட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் போய்த் தங்குகிற பெரிய நிகழ்ச்சி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழா. தாமிரபரணிக் கரையில், அடர்ந்த காட்டுக்குள் இருக்கிறது கோயில். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். முன்பு மாட்டு வண்டி, பிறகு லாரி, டிராக்டர், வேன். ஆற்றங்கரையில் குடில் போட்டுப் பத்து நாள், அதற்கு மேலும் தங்கியவர்கள் உண்டு. அத்தனை குடிலுக்கும் ஓர் அடுப்பு. அத்தனை அடுப்புக்கும் மூன்று கல். விறகுக்கு எங்கே போவது? சுற்றிலும் காடு.

அந்தக் காடு சாதாரணக் காடு இல்லை. களக்காடு, முண்டந்துறை என்ற இரு சரணாலயங்களைச் சேர்த்து 1988இல் அமைந்த புலிகள் காப்பகம். இந்நாளில் அதன் மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சோறும் தண்ணீரும் தருகிற ஆறு பிறக்கிற இடம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் தீ வைப்பதும், ஆபத்து விளைக்கும் வகையில் தீ மூட்டுவதும், எரிகிற தீயை விட்டுச்செல்வதும் குற்றம். அண்மை ஆண்டுகளில் திருவிழாவுக்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. தனியார் வண்டிகள் கீழே அகஸ்தியர்பட்டியில் நிறுத்தப்பட்டு, அரசுப் பேருந்தில் மேலே போக வேண்டியிருக்கிறது. தங்குவதும் சில நாள்களாகச் சுருங்கிவிட்டது. இதனால் மனம் நொந்தவர்கள் பலர். பரம்பரையாக வந்த உரிமை பறிபோகிறது என்ற அவர்களின் வருத்தத்தை எள்ளி நகையாட முடியாது. பக்தர்கள் காட்டுக்குப் புதியவர்கள் இல்லை. காப்பகம் வரும் முன்பே அய்யனாரிடம் போய்வந்தவர்கள்.

ஆனால் விறகு என்ற ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். ஆடி மாதம் என்பது மேற்கு மலையில் சாரல் மாதம். தரையில் கிடக்கிற சுள்ளி நனைந்து ஊறியிருக்கும். நனைந்த விறகு எரியாதா என்றால் எரியும், அதற்கு ஒரு விலை உண்டு. நன்கு காய்ந்த கட்டை ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோகலோரி வெப்பம் இருக்கிறது. பச்சைக் கட்டையிலோ எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். ஆகவே பச்சை விறகு ஒரு கிலோவில் கிடைப்பது காய்ந்த விறகின் வெப்பத்தில் பாதிதான். மிச்சம் கண்ணெரிச்சல். சோறு வேக வேண்டுமென்றால் இரண்டு மடங்கு விறகு போடவேண்டும். இரண்டு மடங்கு போட்டும் போதாதபோது கை அரிவாளுக்குப் போகிறது. காட்டில் கிடப்பதைப் பொறுக்குவதாகத் தொடங்குகிற அடுப்பு, நிற்பதை வெட்டுவதில் போய் முடிவதற்குக் காரணம் மனிதரின் கெட்ட எண்ணம் அன்று, ஈரம்.

கிடப்பதைப் பொறுக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பட்டுப்போன கட்டை யாருக்கும் வேண்டாத பொருள் என்பது சமவெளியின் கண்ணோட்டம். காட்டில் அது கறையானுக்கும் வண்டுக்கும் காளானுக்கும் உணவு. அவற்றைத் தின்னும் பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் அதுவே அட்டில். மக்கி மண்ணாகிச் சரிவில் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அதுதான். ஒரு குடும்பம் ஒரு நாள் பொறுக்குவதால் காடு அழிந்துவிடாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரே ஆற்றங்கரையில் பொறுக்கினால் அந்தக் கரை மட்டும் வெறும் தரையாகிவிடும்.

இதைவிட என்னை உறுத்துகிற செய்தி வேறு. களக்காடு, திருக்குறுங்குடி முதலான அடிவார ஊர்களின் ஏழைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையேறி விறகுச் சுமை இறக்கிப் பிழைத்தவர்கள். விடியுமுன் ஏறி, வெயில் தாழ ஒரு கட்டுடன் இறங்கி, அதை விற்ற காசில் அரிசி வாங்கியவர்கள். 1990களில் உலக வங்கி உதவியோடு இந்தக் காப்பகத்தைச் சுற்றிலும் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர்தோறும் குழு அமைத்து, கடன் கொடுத்து, மாற்றுத் தொழில் காட்டி, மாற்று அடுப்பும் எரிவாயுவும் காட்டி, மலை விறகை நம்பியிருந்தவர்களைக் கீழே இறக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆயினும் அதன் பொருள் என்ன? காட்டின் நலனுக்காக ஒரு பெண் தன் தலைச்சுமையை, அதாவது தன் கூலியை, விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள் வயிற்றுக்காக எடுத்தது குற்றம் என்றால், இரண்டு நாள் இன்பத்துக்காக வண்டியில் வந்து இறங்குகிறவர் அதே சரிவில் ஒரு கட்டு விறகு பொறுக்கிச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? சட்டம் இதற்கு என்ன சொன்னாலும் சரி, அறம் இதை ஒப்பாது.

அப்படியானால் எரிவாயுவை எடுத்துப் போகலாமே என்பது உடனே வருகிற விடை. கணக்கில் அது வலுவான விடைதான். ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 11,000 கிலோகலோரி இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் பானைக்குப் போகும், மிச்சம் காற்றுக்கு. வாயு அடுப்பிலோ பாதிக்கு மேல் பானைக்குப் போகும். ஆக ஒரு கிலோ வாயு செய்கிற சமையலுக்குத் திறந்த அடுப்பில் பதினைந்து கிலோ விறகு வரை வேண்டும். ஐந்து கிலோச் சிறு உருளை ஒன்று எழுபது கிலோ விறகுக்குச் சமம். வேனின் கூரையில் ஒரு பெரிய கட்டு ஏற்றுவதை அது மிச்சப்படுத்திவிடும்.

ஆனால் வாயுவுக்கும் ஓர் இயல்பு உண்டு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது, வண்டியின் தரையில், இருக்கைக்கு அடியில், பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலைய வளாகத்தில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் வாடகைக்கு எடுத்த தனிப்பெட்டி அது. நாகர்கோவிலில் புனலூர்–மதுரை விரைவு ரயிலோடு இணைக்கப்பட்டு, இதோ இந்த நாங்குநேரித் தண்டவாளத்தின் மேலேயே ஓடி, மதுரை போய்ச் சேர்ந்து, கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். இறந்தவர்கள் இராமேசுவரம் போக வந்தவர்கள். அயலூரில் நம் உணவு கிடைக்காதே என்ற, நாம் எல்லோரும் அறிந்த அந்தச் சின்னக் கவலைதான் உருளையை உள்ளே ஏற்றியது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வண்டிக்குள் சமைப்பது என்பது எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ளக் கூடியது இல்லை என்று அந்த ஒன்பது உயிர்கள் சொல்லிப் போயிருக்கின்றன. உமணர் வண்டிக்குள் சமைக்கவில்லை. இறங்கி, எருதை அவிழ்த்து, கல் கூட்டித்தான் சமைத்தார்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நாங்குநேரிக்காரர்களுக்கு அது வாசலிலேயே நிற்கிறது. சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டுமென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்துக் கொள்கையே வெளியிட்டது. வெட்டினால் ஊர் வாழ்த்துகிற மரம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான். கனமான கட்டை, நின்று எரியும், நல்ல கங்கு தரும். வெட்டிக் காயவைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் காட்டிலிருந்து ஒரு குச்சிகூடத் தொடத் தேவையில்லை.

இங்கே அமெரிக்கக்காரர் ஒருவர் குறுக்கிடுவார். எங்கே எரிக்கிறீர்களோ அங்கேயே விறகு வாங்குங்கள், ஓரிடத்து விறகை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பது அந்நாட்டு வனத்துறையினரும் பூங்காக்களும் ஓயாமல் சொல்லும் அறிவுரை. காரணம் உண்டு. விறகுக் கட்டைக்குள் ஒளிந்து பயணம் செய்த மரகதப் பச்சை வண்டு ஒன்று அங்கே கோடிக்கணக்கான சாம்பல் மரங்களை, அதாவது ஆஷ் மரங்களை, அழித்துவிட்டது. இந்த எச்சரிக்கையை நாம் புறந்தள்ள முடியாது. நம் கட்டைக்குள்ளும் துளைப்பான் இருக்கலாம். கிளையில் ஒட்டிய ஒரு கருவை நெற்று காட்டு ஓடையில் விழுந்தால், ஊரைக் கெடுத்த மரத்தை மலைக்கும் நாமே கொண்டுசேர்த்தவர்கள் ஆவோம்.

இதற்கு விடை கரி. கரிமூட்டத்தின் சூட்டில் வண்டும் பிழைக்காது, விதையும் பிழைக்காது. இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் கருவையை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைப்பவர்கள் ஏராளம். ஒரு கிலோ கரியில் ஏறத்தாழ 7,000 கிலோகலோரி, காய்ந்த விறகைப் போல் இரு மடங்கு. புகை குறைவு, எடை குறைவு, மழையில் மூடிவைப்பதும் எளிது. நான்கைந்து கிலோ கட்டை போட்டால்தான் ஒரு கிலோ கரி கிடைக்கும் என்பதால் இது வீண் செலவு என்று வாதிடலாம். நல்ல மரமாக இருந்தால் அந்த வாதம் செல்லும். ஒழிக்க வேண்டிய மரத்தில் செல்லாது. ஒரு விதியை மட்டும் உயிரைப்போல் காக்க வேண்டும். கரியடுப்பு கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ வரக் கூடாது. அணைந்ததுபோல் தோன்றும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் இல்லை. குளிருக்கு இதமாகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி, எழாமலே போனவர்களைப் பற்றிக் கொடைக்கானலிலிருந்து செய்தி படித்திருக்கிறோம்.

வழியோரத்தில் நிறுத்திச் சமைப்பவர்களுக்கும் ஒரு சொல். நாற்கரச் சாலையின் நடுவே பூத்து நிற்பது பெரும்பாலும் அரளி. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. காய்ந்த குச்சிதானே என்று அடுப்பில் வைப்பதும், அதில் எதையாவது குத்திச் சுடுவதும் கூடவே கூடாது. சாலையோரத்தில் கிடக்கும் பெயின்ட் அடித்த பலகையும் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையும் சோற்றடுப்புக்கு ஆகாதவை.

எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அடுப்பு என்பது சமையல் கருவி மட்டும்தானா? இரவில் தீயைச் சுற்றி உட்காரும்போதுதான் கதை பிறக்கிறது, தாத்தாவின் வாயிலிருந்து குலத்தின் வரலாறு வருகிறது. அய்யனார் சந்நிதியில் பொங்கலிடுவதும் பூக்குழி இறங்குவதும் வழிபாடு, அவற்றை எரிபொருள் கணக்கில் அடக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். வழிபாட்டுத் தீ ஊர் கூடி, இடம் குறித்து, காவலோடு வளர்க்கிற தீ. அதற்குக் கீழிருந்து விறகு கொண்டுபோவதில் தெய்வத்துக்குக் குறை ஒன்றுமில்லை. நான் கேள்வி கேட்பது ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வேனும் தனித்தனியே வளர்க்கிற தீயைப் பற்றி. கதை கேட்க ஒரு தீ போதும், ஐம்பது வேண்டியதில்லை. ஏழைக் குடும்பம் கரியும் வாயுவும் வாங்க எங்கே போகும் என்பது இதைவிட நியாயமான கேள்வி. திருவிழா நடத்துபவர்களும் அரசும் அடிவாரத்திலேயே பொது ஆக்குப்புரை அமைத்துப் பொங்கிப் போட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கூட்டாஞ்சோறு நமக்குப் புதிதன்று.

ஆகவே என் பட்டியல் சுருக்கமானது. சமவெளியில், குளத்தங்கரையில், தோப்பில், உரியவர் அனுமதியோடு தங்கினால் அந்த நிலத்தின் மட்டையும் பன்னாடையும் சிரட்டையும் கருவையும் போதும். உடைமரத்தை விட்டுவிடுங்கள், அது நம் மண்ணின் மரம். ஆற்றோரம் தங்கினால் கரியும், மண்ணைச் சுடாத கால் வைத்த இரும்பு அடுப்பும். வாயு எடுத்தால் சிறு உருளை, வண்டிக்கு வெளியே, காற்றோட்டத்தில். எதை மூட்டினாலும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே வண்டி நகர வேண்டும்.

காப்பகக் காட்டுக்குள் போனால்? அங்கே எந்த எரிபொருளும் வேண்டாம் என்பேன். புளியோதரையும் கட்டுச்சோறும் கண்டுபிடித்த சமூகம் நாம். பயணத்துக்கு வேண்டிய விறகைப் புறப்படும் முன்பே வீட்டு அடுப்பில் எரித்துவிட்டுப் போகிற உபாயம் அது. இரண்டாம் நாள்வரை கெடாத சோற்றை மூட்டையில் கட்டிக் கொடுத்த பாட்டிமார், காட்டில் ஒரு சுள்ளியும் ஒடிக்காமல் பேரப் பிள்ளைகளை மலைக்கு அனுப்பியவர்கள். அந்த மூட்டையோடு போய்வருகிறவனுக்குத்தான், விறகுச் சுமையை இறக்கிவைத்த களக்காட்டுப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தகுதி இருக்கிறது.